‘வீ’ என்னும் பூப்பெயர்: எழுத்தும் ஒலிப்பும் பொருள்தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பூவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ‘வீ’ ஓரெழுத்தாலானது. இன்றைய பேச்சில் அது வழங்கவில்லை. பாடநூல்களிலும் பூவின் பருவங்களைக் கூறும் பட்டியல்களிலும் அது ‘உதிர்ந்த பூ’ என்று வரையறுக்கப்படுகிறது. இவ்வரையறை சொல்லின் தோற்றத்தோடு பொருந்துவது. ஆயினும் சங்கச் செய்யுள்களின் ஆட்சி முழுவதையும் அது தழுவவில்லை. குறுந்தொகை, முல்லைப்பாட்டு ஆகியவற்றிலிருந்து எடுத்த சான்றுகளைக் கொண்டு, ‘வீ’ என்பது பூ என்னும் பொதுப்பொருளிலும் வந்துள்ளது என்பதையும், உதிர்தற்பொருள் பெரும்பாலும் உடன்வரும் வினையால் பெறப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. சொல்லின் எழுத்தமைதி, ஒலிப்பு, புணர்ச்சி ஆகியனவும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வீ, ஓரெழுத்தொருமொழி, பூப்பெயர்கள், சொற்பிறப்பு, குறுந்தொகை, முல்லைப்பாட்டு, பருவப் பெயர்கள்

1. முன்னுரை

தமிழில் பூவின் வளர்நிலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன என்பது மொழியின் சொல்வளத்துக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என ஏழு நிலைகளைக் கூறும் பட்டியல் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பரவலாக வழங்குகிறது. இப்பட்டியலில் ஏனைய சொற்களுள் பெரும்பாலானவை இன்றும் ஏதேனும் ஒரு வகையில் வழக்கில் உள்ளன. ‘வீ’ ஒன்றே முற்றிலும் ஏட்டு வழக்காகிவிட்டது. இன்றைய மாணவர் இவ்வெழுத்தைத் தனியே கண்டால், அதை ஆங்கில எழுத்தொன்றின் பெயராகக் கொள்வாரேயன்றிப் பூவின் பெயராகக் கொள்ளார்.

வழக்கொழிந்த சொல்லுக்குப் பொருள் கூறும்போது அதன் ஆட்சியே முதற்சான்றாக அமைய வேண்டும். ஆனால் ‘வீ’யைப் பொறுத்தவரை பட்டியலில் தரப்பட்ட பொருளைக் கொண்டு செய்யுளைப் படிக்கும் போக்கே மிகுந்துள்ளது. அதனால், செய்யுளில் புதிதாக மலர்ந்த பூவைக் குறிக்கும் இடத்திலும் உதிர்ந்த பூ என்று பொருள் கொள்ள நேர்கிறது. இச்சிக்கலின் வேரைக் காண, சொல்லின் வடிவத்திலிருந்து தொடங்குவது தகும்.

2. எழுத்தும் ஒலிப்பும்

நெட்டெழுத்து ஏழும் தனித்து நின்று சொல்லாகும் என்பதும், குற்றெழுத்து ஐந்தும் அவ்வாறு நிறைந்து நில்லா என்பதும் தொல்காப்பியக் கொள்கை. நன்னூல் (129) இதனை விரித்து, நாற்பது நெடில்களும் நொ, து என்னும் இரு குறில்களும் ஆக 42 ஓரெழுத்தொருமொழிகளைச் சிறப்புடையனவாகக் கணக்கிடுகிறது. வகர வரிசைக்கு நன்னூல் ஒதுக்கிய எண்ணிக்கை நான்கு. வா, வீ, வை, வௌ என்பன அவை. இவற்றுள் பூவின் பெயராக வருவது ‘வீ’ ஒன்றே.

மேற்பல்லும் கீழிதழும் இயைய வகரம் பிறக்கிறது. அதனைத் தொடரும் ஈகாரம் இரண்டு மாத்திரை அளவினது. இந்த நீட்டமே சொல்லைக் காக்கிறது. நீட்டம் குறைந்தால் எஞ்சுவது ‘வி’. நன்னூல் கூறும் இரு குறில்மொழிகளுள் அது இல்லை. பூவைக் குறிக்கும் பெயராகவும் அது வழங்கவில்லை. எனவே எழுத்தளவில் இச்சொல் பிழைக்கும் இடம் ஒன்றே. வரிவடிவில் இகரக் குறிக்கும் ஈகாரக் குறிக்கும் உள்ள வேறுபாடு மேல்விலங்கின் முனையில் அமையும் சிறு சுழியே. அச்சுழி விடுபட்டால் சொல்லும் விடுபடும்.

யாப்பு இப்பிழையைக் காட்டிக்கொடுக்குமா என்பது அடுத்த வினா. ‘நறுவீ’ என்னும் சீர் நிரையும் நேருமாகப் பிரிந்து புளிமா ஆகும். நெடிலைக் குறுக்கி ‘நறுவி’ என்று எழுதினும் அலகு மாறாது. ‘பசுவீ’, ‘திரள்வீ’ என்பனவும் இத்தகையன. ‘வீயுகு’ என்னும் சீரில் மட்டும், குறுக்கினால் கூவிளம் புளிமாவாக மாறும். ஆனால் ஆசிரியப்பாவில் இரண்டுமே இயற்சீராதலின் ஓசை கெடாது. ஆகவே இச்சொல்லின் நெடிலை உறுதிசெய்வதில் யாப்பு துணைநிற்பதில்லை. பொருளறிவே துணை. சுவடியிலிருந்து படியெடுப்பவரும், அச்சுப் பிரதியைக் கணினியில் உள்ளிடுபவரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

ஒலிப்பில் இன்னொரு மயக்கமும் உண்டு. அழிதலையும் நீங்குதலையும் குறிக்கும் ‘வீ’ என்னும் வினையின் இறந்தகால வடிவம் ‘வீந்து’ என்பது. விழுதலைக் குறிக்கும் ‘வீழ்’ என்னும் வினையின் வடிவம் ‘வீழ்ந்து’ என்பது. ழகர மெய்யைத் தெளிவாக ஒலிக்காத பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகவே கேட்கும். ‘வீ’ என்பதை ‘வீழ்’ என்பதன் குறுக்கமாகக் கருதி, ‘வீழ்ந்த பூ’ என்று பொருள் விரிப்பதற்கு இவ்வொலி ஒப்புமையும் இடந்தருகிறது. வினை வடிவங்களை ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்பது தெளியும். வீயும், வீவர், வீயாது என வரும் வரிசையில் ழகரத்துக்கு இடமில்லை.

3. புணர்ச்சி

பூ என்னும் சொல்லுக்கு இலக்கண நூலார் தனிவிதி வகுத்துள்ளனர். வல்லெழுத்து வருமிடத்து அவ்வெழுத்து மிகுதலோடு அதன் இனமெல்லெழுத்தும் தோன்றும் (நன். 200). அதனால் பூக்கொடி, பூங்கொடி என இருவகை வடிவங்கள் அமைகின்றன. ‘வீ’க்கு இத்தகைய தனிவிதி வகுக்கப்படவில்லை. ஈகார ஈற்றுப் பெயர்களுக்குரிய பொதுவிதியே அதற்கும் உரியது.

உயிர்முதல் மொழி வருமிடத்து ஈகாரத்தின்முன் யகர உடம்படுமெய் தோன்றும் (நன். 162). வீ + உகு என்பது வீயுகு என்றாகும். இப்புணர்ச்சியால் விளையும் நடைமுறை இடர் கருதத்தக்கது. ‘வீயா’ என்று எழுதப்பட்ட வடிவம் வினையின் எதிர்மறையாக இருக்கலாம். பூப்பெயரோடு ஆகார முதற்சொல் புணர்ந்ததாகவும் இருக்கலாம். சந்தி பிரிக்காத பதிப்பில் இவ்வேறுபாட்டைச் சூழல்கொண்டே அறிய முடியும். மின்னூல் தொகுப்புகளில் ‘வீ’ எனத் தனியெழுத்தாகத் தேடினால், வீயுகு, நறுவீ, பசுவீ போன்ற சேர்ந்த வடிவங்கள் அகப்படுவதில்லை. தேடலில் அகப்பட்ட இடங்களை மட்டும் கொண்டு முடிவு காண்பது இச்சொல்லைப் பொறுத்தவரை குறைவுடையதாகும்.

4. சொற்றோற்றம்

பூவின் நிலைகளைக் குறிக்கும் தமிழ்ப் பெயர்களுள் பலவும் வினையடிகளாகவும் நிற்கின்றன. அரும்பு, முகிழ், பூ, மலர், அலர் ஆகிய ஒவ்வொன்றும் பெயருமாம், வினையுமாம். கொடி அரும்பியது, அரும்பு தோன்றியது. பூ மலர்ந்தது, மலரைப் பறித்தாள் என இருவழியும் வழங்கும். வினையின் முதனிலையே வேறு விகுதி பெறாமல், அவ்வினைக்குரிய பொருளின் பெயராக நிற்கும் அமைப்பு இது.

‘வீ’யும் இவ்வமைப்பில் அடங்குகிறது. அதன் வினைப்பொருளைத் திருக்குறள் தெளிவாகக் காட்டும். தீவினை என்னும் பகை விடாமல் பின்தொடர்ந்து வருத்தும் என்னும் கருத்திலும் (207), நிழல் ஒருவனை விட்டு நீங்காமல் அவன் அடியிலேயே தங்கும் என்னும் உவமையிலும் (208) ‘வீயாது’ என்னும் வடிவம் வந்துள்ளது. களவினால் வரும் துன்பம் அழியாதது என்னும் இடத்தில் ‘வீயா’ என்பதும் (284), அளவுகடந்தவற்றைச் செய்தவர் அப்போதே கெடுவர் என்னும் இடத்தில் ‘வீவர்’ என்பதும் (289) வந்துள்ளன. இந்நான்கு இடங்களிலும் மேலிருந்து கீழே விழுதல் என்னும் பொருள் இல்லை. நீங்குதல், ஒழிதல், அழிதல் என்பனவே பொருள்கள். இவற்றுள் நிழலுவமையில் வரும் நீங்குதற்பொருள் பூவுக்கு மிக அணிமையானது. நிலைத்த இடத்திலிருந்து பிரிந்து போதல் என்பதே அதன் உட்பொருள். காம்பினின்று நீங்குவது என்னும் கருத்தில் பூவுக்கு ‘வீ’ என்னும் பெயர் அமைந்தது என்று கொள்வது இவ்வாட்சியோடு பொருந்தும்.

வேறொரு கருத்தும் எண்ணத்தக்கது. தெலுங்கில் பூவைக் குறிக்கும் ‘விரி’ என்னும் சொல், விரிதல் வினையோடு தொடர்புடையது. தமிழ் ‘வீ’யையும் இதனோடு இணைக்கலாமா என்று கேட்கலாம். பொருளளவில் இயைபு இருப்பினும் ஒலியளவில் இவ்விணைப்பு வலுவற்றது. ‘விரி’ என்னும் வினை தமிழில் தன் ரகரத்தோடு முழுவடிவில் வழங்கிவரும்போது, அதே காலத்தில் ரகரம் கெட்டு முதலுயிர் நீண்டதென்று கொள்வதற்கு இடைப்பட்ட வடிவம் காட்டப்பட வேண்டும். வினையும் பெயரும் வடிவம் மாறாமல் ஒத்துநிற்கும் முதற்கருத்துக்கு அத்தகைய தேவை இல்லை.

அகராதிகள் ‘வீ’ என்பதற்குப் பறவை என்னும் பொருளையும் தருகின்றன. அது வடமொழியில் பறவையைக் குறிக்கும் ‘வி’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. பூப்பெயரோடு அதற்கு உறவில்லை. வடிவத்தால் ஒன்றாகிய இரு வேறு சொற்கள் இவை என்று கொள்ளுதல் வேண்டும்.

5. செய்யுளாட்சி

தோற்றப்பொருள் நீங்குதல் என்றால், ஆட்சிப்பொருளும் அதுவேயா? இதற்கு விடை செய்யுள்களில் உள்ளது.

உதிர்தற்பொருளோடு இயையும் சான்றுகளை முதலில் காணலாம். குறுந்தொகை 47இல் தோழி நிலவை நோக்கிப் பேசுகிறாள். வேங்கைப் பூக்கள் உதிர்ந்து பரவிய பாறை, காட்டில் பெரும்புலியின் குட்டிபோலத் தோன்றுகிறது. இரவில் வரும் தலைவனின் களவொழுக்கத்துக்கு நிலவொளி நல்லதன்று என்பது அவள் கூற்று. இங்குப் பூவைக் குறிக்கும் சொல் ‘வீ’. பூ பாறைமேல் உதிர்ந்தாலன்றி இவ்வுவமை நிற்காது. குறுந்தொகை 397இல் அம்மூவனார், தினையை ஒத்த திரண்ட ஞாழற் பூக்களை ஊதைக்காற்று நெய்தல் மலரில் பெய்ததுபோலத் தூற்றும் துறையைக் காட்டுகிறார். காற்றால் சிதறிய ஞாழற்பூ ‘வீ’ எனப்படுகிறது. அதனை ஏற்கும் நெய்தற்பூ ‘மலர்’ எனப்படுகிறது. ஒரே பாடலில், அடுத்தடுத்த அடிகளில் இவ்வேறுபாடு அமைந்திருப்பது, உதிர்தற்பொருளை வலியுறுத்துவோர்க்குச் சிறந்த சான்றாகும்.

இனி மறுதலையான சான்றுகள். குறுந்தொகை 62இல் தலைவன் தலைவியின் மேனி மணத்துக்குக் கோதையை உவமை கூறுகிறான். காந்தளும் முல்லையும் குவளையும் இடையிடையே கலந்து தொடுத்த கோதை அது. அங்கு முல்லைக்கு ‘பசுவீ’ என்னும் அடை வந்துள்ளது. பசுமை ஈண்டுப் புதுமையைக் குறிக்கும். அதனை ஒட்டி முகையும் பேசப்படுகிறது. மணமும் மென்மையும் குன்றாத கோதைக்கு நிலத்தில் உதிர்ந்த பூவைத் தொடுத்தான் என்று கொள்வது உவமையைச் சிதைக்கும்.

முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் (8–10) நப்பூதனார் காட்டும் காட்சி இதனினும் தெளிவானது. விரிச்சி கேட்கச் சென்ற முதுபெண்டிர், நாழியில் கொண்ட நெல்லோடு முல்லைப்பூவைத் தூவித் தொழுகின்றனர். வண்டினம் யாழோசைபோல ஒலிக்கிறது. அங்கு முல்லை ‘நறுவீ’ என்னும் அடை பெறுகிறது. தூவப்படும் பூவோ அரும்பு அப்போதுதான் அவிழ்ந்த ‘அலரி’ என்று கூறப்படுகிறது. வீ என்பது உதிர்ந்த பூவையே குறிக்கும் என்றால், அரும்பவிழ் நிலையிலுள்ள முல்லைக்கு அவ்வடை பொருந்தாது. வண்டு மொய்க்கும் புதுப்பூவின் மணத்தையே ‘நறுவீ’ சுட்டுகிறது.

மூன்றாவதாக, உதிரும் பூவுக்கு ‘வீ’ அல்லாத சொல் வரும் இடமும் உண்டு. குறுந்தொகை 138இல் ஊர் முழுதும் உறங்கிய இரவில், வீட்டருகே நொச்சியின் மென்கொம்பிலிருந்து உதிரும் பூவின் ஓசையைக் கேட்டபடி தாம் உறங்காதிருந்ததைத் தோழி கூறுகிறாள். உதிர்தலின் ஓசையே பாடலின் மையம். ஆயினும் கொல்லன் அழிசி அங்கு ஆண்ட சொல் ‘பூ’. உதிரும் பூவுக்கென ஒதுக்கப்பட்ட தனிக்கலைச்சொல்லாக ‘வீ’ அக்காலத்தில் இறுகியிருந்தால், அது வருவதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறு இராது.

இச்சான்றுகளை ஒருங்கு நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ‘வீ’ செடியின் பெயருக்கு முன் அடையோடு நின்று, ‘இன்ன தன்மையுள்ள பூவையுடைய’ என்று செடியைச் சிறப்பிக்கும்போது பொதுப்பொருளே உரியது. பசுவீ, நறுவீ என்பன இவ்வகையின. செடியின் பெயருக்குப் பின் நின்று, உகுதல், தூற்றுதல் போன்ற வினைகளோடு இயையும்போது உதிர்ந்த பூ என்னும் பொருள் பெறப்படுகிறது. அங்கும் உதிர்தலை வெளிப்படையாகக் கூறுவது வினையே. ‘வீ’ அதற்கு இயைந்து நிற்கிறது. சொல்லின் தோற்றத்தில் உள்ள நீங்குதற்கருத்து, இத்தகைய இடங்களில் புலவரின் தேர்வுக்குக் காரணமாகியிருத்தல் கூடும். அதனால் அக்கருத்து எல்லா இடத்துக்கும் உரிய வரையறை ஆகிவிடாது.

6. பருவப் பட்டியலும் பாடநூல் வரையறையும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்ற ‘தமிழ்ச்சொல் வளம்’ என்னும் பாடம் தேவநேயப் பாவாணரின் கட்டுரையிலிருந்து அமைந்தது. அதில் பூவின் நிலைகளாக அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்னும் ஐந்து கூறப்படுகின்றன. ‘வீ’ மரஞ்செடியிலிருந்து கீழே விழுந்த நிலையாகவும், ‘செம்மல்’ வாடிய நிலையாகவும் விளக்கப்படுகின்றன. வழக்கிலுள்ள ஏழு நிலைப் பட்டியலோ போது என்பதை விடுத்து மொட்டு, முகை, அலர் ஆகியவற்றைச் சேர்க்கிறது. பட்டியலுக்குப் பட்டியல் எண்ணும் உறுப்பும் வேறுபடுவதே, இவை பழைய கலைச்சொல் மரபு ஒன்றின் நேர்ப்பதிவு அல்ல என்பதையும், பிற்காலத்தில் தொகுத்து வகைப்படுத்தப்பட்டவை என்பதையும் உணர்த்தும்.

செம்மல் என்னும் சொல்லும் இதற்குத் துணைச்சான்றாகும். குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களின் வரிசையில் சேடலை அடுத்துச் செம்மல் எண்ணப்படுகிறது. அங்கு அது ஒரு பூவின் இனப்பெயர். வாடிய பூ என்று கொண்டால் வரிசையின் அமைப்பே கெடும்.

பாவாணரின் நோக்கம் தமிழின் பொருள்நுணுக்கத்தைக் காட்டுவது. அந்நோக்கத்துக்குச் சொல்லின் வேர்ப்பொருளை எடுத்துக்காட்டுவது பொருத்தமே. ‘வீ’க்கு அவர் தரும் விளக்கம் ஞாழல், வேங்கைப் பாடல்களுக்கு இயைந்தும் உள்ளது. ஆனால் வேர்ப்பொருளை விளக்கும் பட்டியல், செய்யுளுக்கு உரைகாணும் அகராதியாக மாற்றப்படும்போதுதான் தவறு நேர்கிறது. மாணவர் ‘வீ’ என்ற சொல்லை முதன்முதலில் அறிவது இவ்வரையறை வழியாகவே. பின்னர் பட்டவகுப்பில் முல்லைப்பாட்டைப் படிக்கும்போது, ‘நறுவீ’க்கு ‘உதிர்ந்த நறுமணப்பூ’ என்று எழுதினால், அவர் கற்றதைப் பிழையின்றிப் பின்பற்றியவராகவே இருப்பார். பிழை கற்பித்த முறையில் உள்ளது.

7. வழக்கு வீழ்ந்தமை

‘வீ’ ஏன் மறைந்தது என்பதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, பூ என்னும் சொல்லின் பரப்பு. மலையாளத்தில் பூவ், கன்னடத்தில் ஹூ, தெலுங்கில் புவ்வு என அது இனமொழிகளிலும் நிலைபெற்றுள்ளது. தமிழிலும் பூங்கொடி, பூங்கா, பூந்தோட்டம் எனத் தொகைகளை எளிதில் உருவாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இரண்டாவது, ‘வீ’யின் வினைப்பொருள். சாவையும் அழிவையும் குறிக்கும் சொல்லாகவும் அதுவே நின்றதால், மங்கலப் பொருளான பூவுக்கு அதனை வழங்குவது குறைந்திருக்கலாம். வடிவச் சுருக்கமும் இதற்குத் துணைசெய்திருக்கும். ஓரெழுத்துச் சொல் பல பொருள்களைச் சுமக்கும்போது, பேச்சு வழக்கு தெளிவான சொல்லையே நாடும்.

8. முடிவுரை

‘வீ’ என்பதன் நெடில், பொருளை நிலைநிறுத்தும் உறுப்பு. அது குறுகினால் யாப்பு காட்டிக்கொடுக்காது. ஆகலின் பதிப்பிலும் மின்பதிவிலும் தனிக்கவனம் தேவை. சொல்லின் தோற்றம் நீங்குதலையும் அழிதலையும் குறிக்கும் ‘வீ’ என்னும் வினையோடு இயைகிறது; வீழ்தலோடு அதனை மயக்குதல் கூடாது. செய்யுளாட்சியில் அது பூ என்னும் பொதுப்பொருளையும், வினைச்சூழலால் உதிர்ந்த பூ என்னும் சிறப்புப் பொருளையும் பெறுகிறது.

எனவே அகராதிகளில் இச்சொல்லின் தோற்றக் குறிப்பையும் ஆட்சிப்பொருளையும் பிரித்துக் காட்டுதல் பயன்தரும். வகுப்பறையில் ‘வீ: பூ, சிறப்பாக உதிரும் பூ’ என்று கற்பித்து, முல்லைப்பாட்டையும் குறுந்தொகை 397ஐயும் அருகருகே வைத்து விளக்கினால், மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் சூழலால் பொருள் காணும் முறையையும் கற்பர். போது, முகை, அலர், செம்மல் ஆகிய ஏனைய பருவப் பெயர்களையும் இவ்வாறே முழுச்சொல்லடைவின் துணையோடு ஆராய்வது அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.